கை, கால், வாய் நோயை இனங்காணல்: அம்மைச் சொற்களின் வழியே ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே எளிதில் பரவும் வைரஸ் நோய்களுள் கை, கால், வாய் நோயும் ஒன்று. தமிழ்ப் பேச்சு வழக்கில் இந்நோய்க்கெனத் தனிப்பெயர் வேரூன்றவில்லை. ஆதலின் இது 'அம்மை' என்னும் பொதுச்சொல்லுக்குள்ளும், அண்மைக் காலமாகத் 'தக்காளிக் காய்ச்சல்' என்னும் செய்தித்தாள் பெயருக்குள்ளும் அடங்கிவிடுகிறது. தமிழில் வழங்கும் அம்மைப் பெயர்களுட் பல, முத்தின் வடிவையும் அளவையும் அடிப்படையாகக் கொண்டவை. மருத்துவமோ இந்நோய்களை முத்து தோன்றும் இடத்தையும் வரிசையையும் கொண்டே முதன்மையாகப் பிரித்தறிகிறது. இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான வேறுபாட்டை முன்வைத்து, கை, கால், வாய் நோயை இனங்காணும் முறையையும், தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றிலிருந்து அதனை வேறுபடுத்தி அறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அம்மை, கை கால் வாய் நோய், தட்டம்மை, சின்னம்மை, சின்னமுத்து, மணல்வாரி, நோய்ப்பெயர், குழந்தை மருத்துவம்.

முன்னுரை

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரள மாநிலம் கொல்லம் மாவட்டத்தில் சிறு குழந்தைகளிடையே காய்ச்சலுடன் சிவந்த கொப்புளங்கள் தோன்றின. கொப்புளங்களின் நிறத்தையும் உருட்சியையும் கண்டு அந்நோய் 'தக்காளிக் காய்ச்சல்' எனப்பட்டது. அவ்வாண்டு ஜூலை இறுதிக்குள் ஐந்து வயதுக்குட்பட்ட 82 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியது. கோயம்புத்தூரை அடுத்த வாளையாறு சோதனைச் சாவடியில் கேரளத்திலிருந்து வந்த வண்டிகளில் இருந்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் உள்ளதா எனத் தமிழ்நாட்டு நலவாழ்வுத் துறையினர் சோதித்தனர். இது புதியதொரு நோயோ, டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றின் பின்விளைவோ என்றெல்லாம் ஐயங்கள் எழுந்தன. பின்னர், கேரளம் சென்று பிரிட்டன் திரும்பிய இரு குழந்தைகளின் மாதிரிகளை ஆய்ந்தபோது காக்சாக்கி ஏ16 என்னும் பழகிய வைரஸே காணப்பட்டது. அதாவது, மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிந்திருந்த கை, கால், வாய் நோயே தக்காளி என்னும் புதுப்பெயருடன் எல்லைச் சோதனைக்கு உள்ளாயிற்று. கேரளத்துக்கும் அது புதிதன்று. கோழிக்கோட்டில் 2003ஆம் ஆண்டிலேயே இந்நோய் பரவியமை மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.

ஒரு நோய்க்குப் பொருந்தாப் பெயர் அமைவதால் விளையும் குழப்பத்துக்கு இந்நிகழ்வு நல்ல சான்று. பெயர் பழத்தைச் சுட்டியதால், தக்காளி உண்பதால் வருமோ என்ற ஐயம் ஒருபுறம் எழுந்தது. 'ஃபுளூ' என்னும் பின்னொட்டால் மூச்சுவழிக் காய்ச்சலோ என்ற எண்ணம் மறுபுறம் எழுந்தது. குழந்தையின் உடலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அப்பெயர் சொல்லவில்லை. தமிழில் நீண்டகாலமாக வழங்கும் அம்மைப் பெயர்களிடத்தும் இதே வினாவை எழுப்ப இயலும்.

அம்மை என்னும் சொற்பரப்பு

'அம்மை' என்பது தாயையும் தெய்வத்தையும் குறித்துப் பின் நோயையும் குறிக்க வந்த சொல். கொப்புளத்தை 'முத்து' என்றலும், நோய் வந்ததை 'அம்மை போட்டிருக்கிறது', 'அம்மை பார்த்திருக்கிறது' என்றலும், நோய் தணிவதை 'அம்மை இறங்கிவிட்டது' என்றலும் அச்சம் கலந்த மதிப்பின் வெளிப்பாடுகள். பெரியம்மை உயிர்களைக் கொள்ளை கொண்ட காலத்தில் இச்சொற்கள் உருவாக்கிய ஒழுங்கு பொருளற்றதன்று. வாயிலில் செருகிய வேப்பிலைக் கொத்து, உள்ளே தொற்றுநோய் உண்டு என்பதை ஊருக்கு அறிவித்தது. நோயாளி தனித்துக் கிடந்தார். உறவினர் வருகை குறைந்தது.

இப்பரப்புக்குள் வகைப்பாடு இல்லாமல் இல்லை. சித்த மருத்துவ நூல்கள் கடுகம்மை, மிளகம்மை, கொள்ளம்மை, வெந்தய அம்மை, பாசிப்பயறு அம்மை எனப் பல வகைகளைச் சுட்டுகின்றன. வடமொழி மருத்துவ நூல்கள் வழங்கும் 'மசூரிகை' என்னும் பெயரும் மசூர்ப் பருப்பின் வடிவை ஒட்டியதே. தானியமும் பருப்பும் அன்றாடம் கையில் புழங்கும் வேளாண் சமூகத்தில், கொப்புளத்தின் பருமனைச் சொல்ல இவற்றினும் துல்லியமான அளவைகள் இல்லை எனலாம். அவ்வகையில் 'தக்காளி' என்பதும் இம்மரபின் நீட்சியே. உவமை மட்டும் களத்துமேட்டிலிருந்து காய்கறிக் கடைக்கு இடம்பெயர்ந்துள்ளது.

எனினும் இவ்வகைப்பாட்டில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கொப்புளத்தின் பருமன் ஒரே நோயில் நாளுக்கு நாள் மாறும். சின்னம்மையின் முதல் நாள் முத்து கடுகளவாகவும், மூன்றாம் நாள் முத்து மிளகினும் பெரிதாகவும் இருக்கலாம். அவ்வாறே வெவ்வேறு வைரஸ்களால் வரும் நோய்கள் ஒரே பருமனுள்ள முத்துகளைத் தோற்றுவிக்கலாம். ஆகவே பருமனைக் கொண்டு அமைந்த பெயர் காட்சியைத் துல்லியமாக வருணிக்குமேயன்றி, காரணத்தைப் பிரித்துக் காட்டாது.

நாட்டுக்கு நாடு பெயர் மாறுவது மற்றோர் இடர்ப்பாடு. தமிழ்நாட்டில் 'சின்னம்மை' என்பது நீர்க்கொப்புளங்கள் தோன்றும் நோயைக் குறிக்கும். சிச்சிலுப்பை என்பதும் அதுவே. இலங்கைத் தமிழில் அந்நோய் 'கொப்புளிப்பான்' எனப்படும். அங்கே 'சின்னமுத்து' என்பது, தமிழ்நாட்டார் தட்டம்மை அல்லது மணல்வாரி என்று வழங்கும் நோயின் பெயர். இலங்கையில் குழந்தைக்குச் 'சின்னமுத்து' வந்ததாக ஒரு தாய் கூறுவதைத் தமிழ்நாட்டு மருத்துவர் சின்னம்மை என விளங்கிக்கொள்ள இடமுண்டு. ஒன்றுக்கொன்று மிக நெருங்கி ஒலிக்கும் இவ்விரு சொற்களும் குறிக்கும் நோய்கள் வேறு, தடுப்பூசிகள் வேறு, அபாயங்கள் வேறு. புலம்பெயர் நாடுகளில் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிவோர்க்கு வழங்கப்படும் சொற்பட்டியல்கள் இவ்வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டியது இன்றியமையாதது.

நோயும் அதன் பெயரும்

1948ஆம் ஆண்டில் கில்பர்ட் டால்டார்ஃபும் கிரேஸ் சிக்கிள்சும், இளம்பிள்ளை வாதம் என ஐயுறப்பட்ட குழந்தைகளின் மலத்திலிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். அக்குழந்தைகள் வாழ்ந்த, நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றங்கரை ஊரான காக்சாக்கியின் பெயரே வைரஸின் பெயராயிற்று. 1957ஆம் ஆண்டு கோடையில் கனடாவின் டொராண்டோ நகரில், வாய்ப்புண்ணும் கைகால் கொப்புளங்களும் கொண்ட காய்ச்சல் பரவியபோது காக்சாக்கி ஏ16 அதன் காரணமாக அறியப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அதே நோய் பரவிற்று. அதனை ஆய்ந்தோர் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் 'கை, கால், வாய் நோய்' என்னும் பெயரை வழங்கினர்.

இப்பெயரை அழகற்றதென ஒதுக்கிவிட இயலாது. இது இடத்தைச் சுட்டும் பெயர். எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தமிழ் அம்மைப் பெயர்கள் 'எத்தகையது' என்னும் வினாவுக்கு விடையளிக்க, இது 'எங்கே' என்னும் வினாவுக்கு விடையளிக்கிறது.

ஆயினும் தமிழில் இப்பெயர் வேறொரு மயக்கத்தைத் தருகிறது. மாடுகளுக்கு வரும் கோமாரி அல்லது காணை நோய், அலுவல் வழக்கில் 'கால் மற்றும் வாய் நோய்' எனப்படுகிறது. கால்நடை வளர்க்கும் குடும்பத்தினர் இரண்டும் ஒன்றே எனக் கருதி, தொழுவத்திலிருந்து குழந்தைக்குத் தொற்றியதாக அஞ்சுவதற்கு இடமுண்டு. இரண்டும் பிக்கோர்னா என்னும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்களால் வருபவை என்பது உண்மையே. ஆனால் அக்குடும்பத்துள் அவை வெவ்வேறு பேரினங்கள். குழந்தைகளின் கை, கால், வாய் நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றுவது. மாட்டினால் வருவதன்று, மாட்டுக்குச் செல்வதும் அன்று.

இந்நோயை ஒரே வைரஸ் உண்டாக்குவதில்லை. குடல்வாழ் வைரஸ்களுள் காக்சாக்கி ஏ16, காக்சாக்கி ஏ6, காக்சாக்கி ஏ10, என்டெரோ வைரஸ் ஏ71 முதலிய பலவும் இதற்குக் காரணமாகின்றன. இளம்பிள்ளை வாத வைரஸும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. பல வைரஸ்கள் காரணம் என்பதிலிருந்து பெற்றோர்க்கு நேரடியாகப் பயன்படும் ஒரு செய்தி கிடைக்கிறது: ஒருமுறை வந்த குழந்தைக்கு இந்நோய் மறுமுறையும் வரலாம். 'அம்மை ஒருமுறை போட்டால் போதும்' என்னும் வழக்கு தட்டம்மைக்கு முழுவதும், சின்னம்மைக்குப் பெரும்பாலும் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

நோய் வெளிப்படும் வரிசை

வைரஸ் உடலுள் புகுந்து ஏறத்தாழ 3 முதல் 6 நாள்களில் நோய் தொடங்குகிறது. முதலில் தோன்றுவது முத்தன்று, காய்ச்சல். அதுவும் பெரும்பாலும் மிதமானது. குழந்தை சோர்ந்திருக்கும், உணவை மறுக்கும், பேசத் தெரிந்த குழந்தை தொண்டை வலிப்பதாகச் சொல்லும். பேசத் தெரியாத குழந்தை பால்புட்டியையோ முலைக்காம்பையோ பற்றியவுடன் அழுது விலகும். எச்சில் வழக்கத்தினும் மிகுதியாக வடியும். எச்சில் வடிதலைப் பல் முளைப்பதன் அறிகுறியெனக் கருதி விட்டுவிடுதல் எளிது. வயதும் அதற்கேற்றதாகவே அமைந்துவிடுகிறது.

ஓரிரு நாள்களில் வாயினுள் சிறு செம்புள்ளிகள் தோன்றிக் கொப்புளித்து உடைந்து புண்ணாகின்றன. நாக்கு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகியவை இவை மிகுதியாகத் தோன்றும் இடங்கள். அதே வேளையிலோ அடுத்த நாளிலோ உள்ளங்கை, உள்ளங்கால், விரல்களின் பக்கங்கள், பிட்டம், சில வேளைகளில் முழங்கால், முழங்கை ஆகிய இடங்களில் முத்துகள் எழுகின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடிப்பாதலின் கொப்புளம் மேலெழாது, தோலினுள் பதிந்த சாம்பல் நிற நீள்வட்டமாகத் தோன்றுதல் இந்நோயின் தனித்தன்மை. பெரும்பாலும் அரிப்பு இராது, அழுத்தினால் வலிக்கலாம். 7 முதல் 10 நாள்களில் தழும்பின்றி மறைந்துவிடும்.

நிறம் பற்றிய குறிப்பு ஒன்று இங்கே தேவைப்படுகிறது. மருத்துவப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெளிறிய தோலுடைய குழந்தைகளுக்கு உரியவை. அவற்றில் பளிச்செனத் தெரியும் செம்மை, கருமையும் மாநிறமும் கொண்ட தோலில் கரும்பழுப்பாகவோ ஊதா சாயலுடனோ மட்டுமே தெரியும்; சில போது தெரியாமலும் போகும். 'சிவப்பாக இல்லையே, ஆகவே அம்மையில்லை' என்னும் முடிவு இதனால் நேர்வது. கை, கால், வாய் நோயைப் பொறுத்தவரை, எந்நிறக் குழந்தைக்கும் உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியே இருப்பதால் அங்கே முத்து தெளிவாகப் புலப்படுகிறது. பகல் வெளிச்சத்தில் குழந்தையின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தல் எந்தக் கருவியும் வேண்டாத சோதனை. பிட்டத்தில் தோன்றும் முத்துகளை அரையாடையின் ஈரத்தால் வந்த தடிப்பு என்றோ வேர்க்குரு என்றோ எண்ணிய குடும்பத்தாரும் உள்ளங்காலைப் பார்த்தால் ஐயம் நீங்குவர்.

எல்லாக் குழந்தைக்கும் மூன்று இடங்களிலும் முத்து தோன்ற வேண்டும் என்பதில்லை. வாயின் பின்புறத்திலும் தொண்டையிலும் மட்டும் புண்கள் தோன்றி, கைகால்களில் ஒன்றும் இல்லாமல் இருப்பதும் உண்டு. அதற்கும் காரணம் இவ்வைரஸ்களே. ஆனால் ஈறு வீங்கிச் சிவந்து, தொட்டால் இரத்தம் கசிந்து, புண்கள் உதட்டிலும் வாயின் முன்பகுதியிலும் திரண்டிருப்பின் அது ஹெர்பிஸ் வைரஸால் வரும் வாயழற்சியாக இருக்கக்கூடும். மறுபுறம், 2008ஆம் ஆண்டில் பின்லாந்தில் பரவியது முதல் பல நாடுகளிலும் கவனம் பெற்ற காக்சாக்கி ஏ6, எல்லை கடந்து பரவும் இயல்பினது. வாயைச் சுற்றியும் கைகால் முழுவதும் உடலிலும் பெரிய கொப்புளங்களை அது உண்டாக்கும். கரப்பான் உள்ள குழந்தையிடத்து அக்கரப்பான் இடங்களிலேயே முத்துகள் குவியும். சின்னம்மை எனப் பிழைபட உணரப்படுவது பெரும்பாலும் இவ்வகையே.

சின்னம்மையும் தட்டம்மையும்

சின்னம்மையின் முத்துகள் மார்பு, முதுகு, முகம், தலை ஆகியவற்றில் செறிந்து, கைகால்களில் குறைந்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிதாகவே காணப்படும். கை, கால், வாய் நோயின் பரவல் இதற்கு நேர்மாறானது. சின்னம்மையில் அரிப்பு மிகுதி. அலையலையாக முத்துகள் எழுவதால் ஒரே இடத்தில் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றையும் ஒருசேரக் காணலாம். பெரியம்மையில் அவ்வாறன்றி எல்லா முத்துகளும் ஒரே பருவத்தில் இருக்கும். முகத்திலும் கைகால்களிலும் செறியும். பெரியம்மை இன்று இல்லை; உலகினின்று ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதன் நினைவு முதியோரிடத்து எஞ்சியுள்ளது. உள்ளங்கையில் முத்தைக் கண்டு பாட்டிமார் அஞ்சுவது அந்நினைவின் எச்சமாகலாம்.

தட்டம்மையே இம்மூன்றனுள் அஞ்சத்தக்கது. அதனைக் கொப்புளத்தைக் கொண்டு தேடினால் கிடைக்காது. அதில் நீர் கோத்த முத்து இல்லை. தட்டையான புள்ளிகளும் சற்றே மேடிட்ட தடிப்புகளும் ஒன்றோடொன்று இணைந்து படரும். 'தட்டம்மை' என்னும் பெயர் இத்தட்டைத் தன்மையை உணர்த்துவதாகக் கொள்ளலாம். 'மணல்வாரி' என்னும் பெயரோ மணலை வாரித் தூவியது போன்ற சொரசொரப்பை நினைவூட்டுகிறது. கருநிறத் தோலில் கண்ணுக்குப் புலப்படாத தட்டம்மைத் தடிப்பைக் கைதடவி உணர இயலும் என இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. தொடுபுலனைச் சார்ந்த 'மணல்வாரி' என்னும் சொல் அவ்வறிவை முன்பே தன்னுள் கொண்டுள்ளது. வடிவம் சார்ந்த பெயர்கள் யாவும் பயனற்றவை என்று கொள்ளலாகாது என்பதற்கு இச்சொல்லே சான்று.

வரிசை இங்கே முதன்மை பெறுகிறது. தட்டம்மையில் கடுங்காய்ச்சல், வறட்டிருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவை முந்துகின்றன. மூன்று முதல் ஐந்து நாள் கழித்தே தடிப்பு வருகிறது. காதின் பின்புறத்திலும் நெற்றி மயிரெல்லையிலும் தொடங்கி முகம், கழுத்து, உடல், கால் எனத் தலையிலிருந்து கீழிறங்குகிறது. தடிப்புக்கு முன்னரே கன்னத்தின் உட்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, உப்புத்தூள் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றலாம். நியூயார்க் மருத்துவர் ஹென்றி காப்லிக் 1896இல் விளக்கிய இப்புள்ளிகள் வலியற்றவை. கை, கால், வாய் நோயின் புண்களோ குழந்தையை உண்ணவிடாதவை. இருமலும் கண்சிவப்பும் சேர்ந்த காய்ச்சலுக்குப் பின் முகத்திலிருந்து இறங்கும் தடிப்பு தட்டம்மை. எச்சில் வடிதலும் உணவு மறுத்தலும் சேர்ந்த காய்ச்சலுக்குப் பின் கைகாலில் எழும் முத்து கை, கால், வாய் நோய். தாயிடம் கேட்க வேண்டிய முதல் வினா 'முத்து எப்படி இருக்கிறது' என்பதன்று. 'எங்கே முதலில் வந்தது, அதற்கு முன் என்ன இருந்தது' என்பதே.

இவ்வேறுபாடு ஏன் உயிர்நிலையானது என்பதைத் தடுப்பூசி அட்டவணை விளக்கும். இந்தியாவில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி 9 முதல் 12 மாதத்துக்குள் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்துக்குள் மறு தவணையுமாக இடப்படுகிறது. கை, கால், வாய் நோய் மிகுதியாகத் தாக்கும் வயதும் இதுவே. இடையில் இந்நோய் வந்து, அதனை வீட்டார் 'அம்மை போட்டுவிட்டது' என்று கொண்டால், இனி அம்மை ஊசி எதற்கு என்ற எண்ணம் தோன்ற வழியுண்டு. தட்டம்மையோ எதிர்ப்பாற்றல் இல்லாதோர் பத்துப் பேரிடையே நோயாளி ஒருவர் இருந்தால் ஒன்பது பேரைப் பற்றக்கூடியது. நுரையீரல் அழற்சியும் மூளை அழற்சியும் தரவல்லது. தட்டம்மை கண்ட குழந்தைக்கு வயதுக்கேற்ற அளவில் இரு நாள்கள் வைட்டமின் ஏ அளிக்க உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. நோய் 'அம்மை' என்ற பொதுப்பெயரில் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால் இவ்வாய்ப்பும் நழுவுகிறது.

அபாயக் குறிகள்

கை, கால், வாய் நோய் பெரும்பாலும் தானே தணிவது. அதற்கெனத் தனி மருந்து இல்லை. வைரஸ் நோயாதலின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் பயனில்லை. ஆயினும் என்டெரோ வைரஸ் ஏ71 காரணமாகும்போது சிறுபான்மைக் குழந்தைகளுக்கு மூளைத்தண்டு தாக்கப்படும். 1997இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இவ்வாறு குழந்தைகள் இறந்தனர். மறு ஆண்டில் தைவானில் ஏறத்தாழ 1,29,000 பேர்க்கு நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது. 405 குழந்தைகள் கடும்நிலையை எய்தினர். 78 பேர் இறந்தனர். சீனம் ஏ71 வகைக்கெனத் தடுப்பூசி உருவாக்கி 2015 இறுதியில் ஒப்புதல் அளித்தது. அது ஏனைய வகைகளைத் தடுப்பதில்லை; இந்தியத் தடுப்பூசி அட்டவணையில் அதற்கு இடமில்லை.

முத்துகளின் எண்ணிக்கை இக்கடுமையைக் காட்டாது. 'முத்து முழுதும் வெளியே வந்துவிட்டால் நல்லது' என்னும் நம்பிக்கை இவ்விடத்தில் வழிதவறச் செய்யும். சில முத்துகள் மட்டுமே கண்ட குழந்தையும் கடும்நிலையை எய்தலாம். பார்க்க வேண்டியவை வேறு: மூன்று நாள் கடந்தும் தணியாத, 39 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், தொடர் வாந்தி, எழுப்பினாலும் விழிப்பில் நில்லாத மயக்கம், உறங்கத் தொடங்குகையில் கைகால் திடீரெனத் தூக்கிப்போடுதல், தள்ளாடும் நடை, கைகால் தளர்வு, விரைவான மூச்சு, குளிர்ந்து வெளிறிய கைகால்கள். உறக்கத்தில் தூக்கிப்போடுவதைக் குழந்தை பயந்துவிட்டது எனக் கருதி மந்திரிக்கச் செல்வதில் கழியும் ஓரிரவு மீளாத காலமாகிவிடக்கூடும். இவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

இதனினும் மிகுதியாக நிகழ்வது நீரிழப்பு. வாய்ப்புண்ணின் வலியால் குழந்தை நீரையும் மறுக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாமை, அழுதும் கண்ணீர் வராமை, நா வறட்சி, கைக்குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாதல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

வீட்டு நடைமுறைகளும் பரவலும்

அம்மை கண்ட வீட்டின் பழக்கங்கள் இந்நோயில் இருவகையாக அமைகின்றன. காரமும் புளியும் தாளிதமும் விலக்கி, ஆறிய கஞ்சியும் மோரும் இளநீரும் கொடுத்தல் வாய்ப்புண்ணுக்கு மிகவும் ஏற்றது. தாய்ப்பாலையும் உப்பு-சர்க்கரைக் கரைசலையும் சிறுசிறு அளவில் அடிக்கடி கொடுக்கலாம். ஆனால் பத்தியம் பட்டினியாகிவிடலாகாது. மருந்தே கூடாது என்னும் விலக்கும் இங்கே பொருந்தாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் எடைக்கேற்ற பாரசிட்டமால் கொடுத்தால்தான் குழந்தை நீர் அருந்தும். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கலாகாது. வைரஸ் காய்ச்சலில் அது குழந்தைகளின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கூட்டுக்கு வழிவகுக்கும். கொப்புளங்களைக் குத்தி உடைத்தலும் கூடாது.

எச்சில், மூக்குநீர், கொப்புள நீர், மலம் ஆகிய நான்கின் வழியாகவும் நோய் பரவுகிறது. முதல் வாரத்தில் பரவல் மிகுதி. எனினும் மலத்தில் வைரஸ் பல வாரங்கள் தங்கியிருக்கும். ஆகவே அரையாடை மாற்றியபின் சோப்பும் நீரும் கொண்டு கைகழுவுதல் குழந்தை நலமடைந்த பின்னும் தொடர வேண்டியது. இவ்வைரஸ்களுக்குக் கொழுப்புறை இல்லை. அதனால் கொரோனாக் காலத்தில் பழகிய சாராயக் கலவைகள் இவற்றின்மேல் அத்துணைத் திறம்படச் செயலாற்றுவதில்லை. பொம்மைகளையும் தரையையும் துடைக்கச் சலவைத்தூள் கரைசல் ஏற்றது. காய்ச்சல் நீங்கி, கொப்புளங்கள் உலர்ந்து, எச்சில் வடிதல் நின்றபின் குழந்தையை அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ அனுப்பலாம். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் இந்நோய் சட்டப்படி அறிவிக்க வேண்டியதாக ஆக்கப்பட்டது. தொற்று மிகுந்த குழந்தைகள் காப்பகங்களை அங்கே சில நாள்கள் மூடுவதும் உண்டு.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி நோய் முடிந்ததாக வீட்டார் கருதிய பின்னரும் ஒரு விளைவு எஞ்சலாம். சில வாரங்கள் கழித்து, சிறப்பாகக் காக்சாக்கி ஏ6 தொற்றுக்குப் பின், குழந்தையின் கை அல்லது கால் நகங்கள் அடியிலிருந்து கழன்று விழும். காய்ச்சலின்போது நகத்தின் வேர் சிறிது காலம் வளர்ச்சியை நிறுத்தியமையே இதற்குக் காரணம். வலி இராது, மருந்தும் வேண்டா. பழைய நகத்தின் அடியிலேயே புது நகம் முளைத்து வந்துகொண்டிருக்கும்.